தணுத்த வெள்ளம்

ஆகஸ்ட் மாதத்துக் காலை ஒன்றில், பாலி நீரிணையின் தென்பகுதியில், படகின் விளிம்பிலிருந்து கையை இறக்கித் தண்ணீரைத் தொட்டேன். தணுத்தது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பிறந்தவன் நான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம், குளிர் என்றால் தணுப்பு. எத்தனை ஊர் சுற்றினாலும் கை நனையும்போது அந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி தெற்கே உள்ள கடல் அது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதே இடத்தில் நீர் 29, 30 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். ஆகஸ்டில் 25, 26க்கு இறங்கிவிடுகிறது. தலைக்கு மேலே வெயில் குறையாமல் காய்கிறது. கீழே கடல் குளிர்கிறது. கையை எடுக்க மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தணுப்பு எனக்குப் பழக்கமானது. சிறுவயதில் ஆடி மாதம் கரையில் கால் நனைத்தபோது தெரிந்த அதே தணுப்பு. மழை பெய்வதால் கடலும் குளிர்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டிதான் திருத்தினாள். கடவத்தில் மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து விற்றவள் அவள். "மழையில்ல மக்கா, அடிவெள்ளம் மேல வருது" என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தில் ஒரு முழு அறிவியல் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடங்கள் பிடித்தன.

ஜாவாவையும் பாலியையும் பிரிக்கும் இந்த நீரிணை கவிழ்த்து வைத்த புனல்போல இருக்கிறது. வடமுனையில் கெத்தாப்பாங் துறைக்கும் கிலிமானுக் துறைக்கும் இடையே சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். ஜாவாக் கரையில் நின்றால் பாலியின் மரவரிசை தெளிவாகத் தெரியும். தெற்கே போகப்போகக் கரைகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இந்தியப் பெருங்கடலைச் சந்திக்கும் இடத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிடுகின்றன. ஆழமும் அப்படித்தான். வடக்கே ஐம்பது அறுபது மீட்டரில் தரை தட்டும். தெற்கே ஆயிரம் மீட்டரைத் தாண்டும். இப்படித் தெற்கு நோக்கி வாயைத் திறந்து வைத்திருக்கும் இடத்துக்குப் பெருங்கடலின் ஆழத்தில் நடப்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே ஆழத்து நீர் எழுகிறது. எழுப்புவது காற்று. ஆஸ்திரேலியாவில் அப்போது குளிர்காலம். அந்தக் கண்டத்தின் குளிர்ந்த, வறண்ட காற்று தென்கிழக்கிலிருந்து தீமோரையும் பாலியையும் ஜாவாவையும் தடவிக்கொண்டு வடமேற்கே போகிறது. இந்தோனேசியர்கள் இதை மூசிம் தீமுர், கிழக்குப் பருவம், என்கிறார்கள். மூசிம் என்பதும் ஆங்கிலத்தின் மான்சூன் என்பதும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. ஜூலை, ஆகஸ்டில் இரவுகள் குளிர்ந்து, விடியலில் போர்வை தேடவைக்கும் பருவத்துக்கு ஜாவானிய மொழியில் பெடிடிங் என்று தனிப்பெயரே உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நெருக்கமாகிவிட்டது. வெப்பமண்டலத்தில் குளிருக்கென்று ஒரு சொல் வைத்திருப்பவர்கள் காற்றைக் கவனித்து வாழ்ந்தவர்களாகத்தான் இருக்க முடியும்.

காற்று தண்ணீரைத் தள்ளும் விதத்தைக் கண்டுபிடித்த கதை வடதுருவத்தில் தொடங்குகிறது. 1893 முதல் 1896 வரை பிராம் என்ற கப்பலைப் பனிக்கடலில் உறையவிட்டு அதோடு மிதந்துபோன நார்வே நாட்டு நான்சன், பனிப்பாளங்கள் காற்று போகும் திசையில் போகாமல் அதற்கு வலப்புறமாக விலகிப் போவதைக் கண்டார். பூமி சுழல்வதால் இப்படி நேர்கிறது என்பதும் அவருக்குப் பிடிபட்டது. கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு இளைஞர் எக்மன். அவருடைய கட்டுரை 1905இல் வெளிவந்தது. காற்று மேல்நீரை இழுக்கிறது, மேல்நீர் தனக்குக் கீழுள்ள நீரை இழுக்கிறது, ஒவ்வொரு அடுக்கும் தன் மேலடுக்கைவிடக் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மேல்நீர் மொத்தமும் காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. வடகோளத்தில் வலப்பக்கம், தென்கோளத்தில் இடப்பக்கம்.

ஜாவா, பாலித் தீவுகளின் தென்கரையோரமாகத் தென்கிழக்குக் காற்று ஓடும்போது அதற்கு இடப்பக்கம் எது? திறந்த கடல். கரையை ஒட்டிய மேல்நீர் கடலுக்குள் போகிறது. விட்டுப்போன இடத்தை நிரப்ப வேறு நீர் பக்கத்திலிருந்து வரமுடியாது. அங்கே கரை இருக்கிறது. கீழிருந்துதான் வரவேண்டும். வருகிறது. நாளொன்றுக்குச் சில மீட்டர்தான், அவ்வளவு நிதானமாக. கிளவுஸ் விர்ட்கி என்ற ஜெர்மானியக் கடலியலாளர் 1950களில் ஜகார்த்தாவில் இருந்து வேலை செய்தவர். ஜாவாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே தென்கிழக்குப் பருவத்தில் ஆழ்நீர் மேலெழுவதைப் பற்றி 1962இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தக் கடலைப் பற்றிய தொடக்கப் பாடம். இந்த எழுச்சி கிழக்கே, பாலிக்கு அருகே, முதலில் தொடங்கி மாதம் போகப்போக மேற்கே ஜாவாவின் கரையோரமாக நகர்ந்து சுமத்ராவை நோக்கிப் போகும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

அந்தத் தென்கிழக்குக் காற்று இந்தோனேசியாவோடு நிற்பதில்லை. தென் இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தழுவி வீசும் பெருங்காற்றின் கிழக்குக் கை அது. அந்தப் பெருங்காற்று மேற்கே போய், ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து நம்மிடம் வந்து சேர்கிறது. நாம் அதைத் தென்மேற்குப் பருவக்காற்று என்கிறோம். எங்கள் கரையில் கச்சான். குமரிக்கும் கொல்லத்துக்கும் இடையே அது கரையோரமாகத் தென்கிழக்கு நோக்கி ஓடும்போது, இது வடகோளம், மேல்நீர் வலப்பக்கம் திரும்பவேண்டும். வலப்பக்கம் இங்கேயும் திறந்த கடல். அங்கே இடக்கையால் செய்த வேலையைக் காற்று இங்கே வலக்கையால் செய்கிறது. அதே மாதங்களில் இரண்டு கரைகளிலும் அடிவெள்ளம் மேலே வருகிறது. ஆகஸ்டில் படகில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டபோது எனக்குப் பாட்டி நினைவு வந்ததற்கு வெறும் மனமயக்கம் காரணமில்லை.

மேலே வரும் நீருக்கு என்ன அப்படிப் பெருமை? கடலில் வெளிச்சம் எட்டுவது மேலே நூறு மீட்டர், மிஞ்சினால் இருநூறு. உணவு தயாராவது அந்த மெல்லிய மேல்தட்டில் மட்டும்தான். அங்கே பிறந்த உயிரெல்லாம் செத்ததும் கீழே இறங்குகிறது. எச்சமும் செதிலும் ஓடும் தூள்தூளாக இருட்டுக்குள் இறங்கி, அங்கே பாக்டீரியாக்களால் சிதைந்து, நைட்ரேட்டாக, பாஸ்பேட்டாக, சிலிகேட்டாகக் கரைகின்றன. எரு கீழே, வெயில் மேலே. வெப்பமண்டலக் கடலில் இவ்விரண்டுக்கும் நடுவே சூடான, இலேசான நீர் ஒரு மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் திறக்காத மூடி. சுற்றுலா விளம்பரங்களில் வரும் கண்ணாடிபோன்ற நீலக்கடல் உண்மையில் பட்டினிக்கடல். அதில் ஒன்றும் விளையவில்லை என்பதால்தான் அவ்வளவு தெளிவு. காற்று அந்த மூடியை ஒரு ஓரத்தில் நெம்பித் திறக்கும் இடங்களில் கடல் பச்சையாகிறது. பெருங்கடல்களின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ள இத்தகைய இடங்கள்தாம் உலகத்தின் கடல்மீன் பிடிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன.

கீழேயிருந்து வரும் அந்த எரு எத்தனை வருடத்துப் பழையது என்று யோசித்தால் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள், சில சமயம் பல தலைமுறைகள் ஆன நீர் அது. பாட்டியின் பாட்டி காலத்தில் செத்துக் கீழே போன ஏதோ ஒரு மீன் இப்போது மேலே வருகிறது. நம் ஊரில் இறந்தவர்களுக்கு ஆடியில் படையல் வைக்கிறோம். கடலில் இறந்தவைதாம் படையல் வைக்கின்றன.

*

பாலி நீரிணையில் அந்தப் படையலை முதலில் உண்பது டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி. அதை உண்பவை துள்ளித் திரியும் மிகச்சிறு விலங்கு மிதவைகள். இரண்டையும் சேர்த்து உண்பது லெமுரு. நம்முடைய சாளையின், அதாவது மத்தியின், கூடப்பிறந்த இனம். ஒரே பேரினம், பக்கத்துப் பக்கத்து வீடு. பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு இராணுவ மருத்துவராக இருந்துகொண்டு மீன்களைப் பட்டியலிட்ட பீட்டர் பிளீக்கர் 1853இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

ஜாவாக் கரையில், பான்யுவாங்கி மாவட்டத்தில் உள்ள முஞ்சார்தான் லெமுருவின் தலைநகரம். எதிரே பாலிக் கரையில் பெங்கம்பெங்கான். நான் முஞ்சாருக்குப் போய்ச் சேர்ந்தது பௌர்ணமிக்கு மறுநாள். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. லெமுருக் கூட்டத்தை இருட்டில்தான் பிடிக்கமுடியும். நிலா காயும் இரவுகளில் வலைக்குப் போவதில்லை. எனவே மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்கே ஓய்வு. வலை பழுதுபார்க்கிறார்கள், சாயம் பூசுகிறார்கள், கல்யாணம் வைத்துக்கொள்கிறார்கள். படகுகள் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, முன்னும் பின்னும் உயர்ந்து, தேர்போல அலங்காரத்தோடு நின்றன. இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரே சுருக்குமடி வலையை இழுக்கும் ஜோடிப் படகுகள் அவை. ஜாவானிய முகர்ரம் மாதத்தின் பௌர்ணமியில் இங்கே கடல் விழா நடக்கிறது. சிறு படகொன்றில் பழமும் பலகாரமும் ஆட்டுத்தலையும் வைத்து, அந்தத் தலையில் பொன்னாலான தூண்டில்முள் ஒன்றையும் மாட்டிக் கடலில் விடுகிறார்கள். தூண்டில்முள்ளைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கும் அந்தச் செய்கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடலிடம் எதைக் கொண்டு வாங்குகிறோமோ அதையே, தங்கத்தில் செய்து, அதன் முன் வைக்கிறார்கள்.

முஞ்சாரில் நான் கற்றுக்கொண்ட நான்கு சொற்கள் உண்டு. செம்பெனித், புரோத்தோலான், லெமுரு, குச்சிங். நான்கும் ஒரே மீன். விரல் நீளத்துக் குஞ்சு செம்பெனித். அதைவிடக் கொஞ்சம் வளர்ந்தது புரோத்தோலான். பருவத்துக்கு வந்தது லெமுரு. நன்றாகத் தடித்துப் பெருத்தது லெமுரு குச்சிங். குச்சிங் என்றால் பூனை. ஒரு மீன் தன் முழுப்பெயரைப் பெற ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கவேண்டும் என்பதை இந்தச் சொற்கள் சொல்கின்றன. துறையில் ஏலக்கூடையைப் பார்த்து, எந்தப் பெயர் அதிகம் ஒலிக்கிறது என்று கவனித்தாலே கடலின் நிலைமை தெரிந்துவிடும். இப்போது அதிகம் கேட்பது முதல் இரண்டு பெயர்கள்தாம் என்று வலை கோத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு ஊசியை மறுபடி நூலுக்குள் நுழைத்துக்கொண்டார்.

சாளையைக் கழுவும்போது அதன் செவுளை ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்கவேண்டும். மூடியைத் தூக்கினால் வெளிப்பக்கம் சிவந்த குஞ்சம் தெரியும், அது மூச்சுக்கு. உள்பக்கம், வாயை நோக்கி, வெள்ளையாக, நெருக்கமாக, நூலிலும் மெல்லிய பற்கள் வரிசையாக நிற்கும். பழைய மரப் பேன்சீப்புதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரு வளைவில் நூற்றுக்கு மேற்பட்ட பற்கள். வாயைத் திறந்தபடி நீந்தும் மீனின் உள்ளே நுழையும் நீர் அந்தச் சீப்பின் வழியாக வெளியேறுகிறது. பாசியும் மிதவையும் தங்கிவிடுகின்றன. சாளைக்கு லெமுருவைவிடப் பற்கள் இன்னும் நெருக்கம், அதாவது இன்னும் நுண்ணிய பாசியை அதனால் வடிக்கமுடியும். எந்தப் பாசி என்பதும் தெரிந்ததே. நாயரும் சுப்பிரமணியனும் 1955இல், பிராகிலேரியா ஓசியானிகா என்ற டயட்டம் பெருகும் இடத்தில் மத்தியும் பெருகும் என்று எழுதினார்கள். பருவமழைக் காலத்தில் நம் மேற்குக் கரையில் பூக்கும் பாசி அது. அந்தச் சீப்பைப் பார்த்தபிறகு கடல், காற்று, பாசி, மீன் எல்லாம் தனித்தனியாக எனக்குத் தெரிவதில்லை. தென்கிழக்கிலிருந்து புறப்பட்ட காற்று கடைசியில் வந்து முடிகிற இடம் அந்த வெள்ளைப் பற்கள்.

*

காற்றுக்கும் மீனுக்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே எழுதத் தோன்றியது.

எங்கள் ஊரில் ஆடி என்றால் பசி. கச்சான் வெறிபிடித்து வீசும். கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கட்டுமரம் இறக்கமுடியாது. அடகுக்கடைக்குப் பாத்திரம் போகும். வீட்டில் மரச்சீனிக்கிழங்கு மட்டும் வேகும்; தொட்டுக்கொள்ள மீனில்லாமல் மிளகாயும் உப்பும். கச்சானை நாங்கள் சபித்தோம். அப்பா வாசலில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக் கெட்டவார்த்தை சொல்வார். பாட்டி மட்டும், "இப்பம் பட்டினி, பொறவு மீனு" என்பாள். ஐப்பசியில் சாளை வந்து குவியும்போது சட்டியில் எண்ணெய் விடவேண்டியதில்லை. மீனின் நெய்யிலேயே மீன் பொரியும். வீடு முழுவதும் அந்த மணம் நிற்கும். ஆடியின் பட்டினிக்கும் ஐப்பசியின் நெய்க்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. எங்களைக் கரையில் உட்காரவைத்த அந்தக் காற்றுதான் அப்போது கடலை உழுதுகொண்டிருந்தது. நாங்கள் பசித்திருந்தது விதைப்புக் காலத்தில்.

பாலி நீரிணையிலும் அதே கணக்கு. காற்று உச்சத்தில் இருப்பது ஜூலை, ஆகஸ்ட். பச்சையம் கடலில் கூடுவது அதையொட்டி. லெமுரு பெருவாரியாகப் படுவது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, காற்று ஓய்ந்தபிறகு. பாசி பெருகவேண்டும், மிதவை பெருகவேண்டும், குஞ்சு தின்று பருக்கவேண்டும். எந்த அவசரமும் இதைச் சுருக்கமுடியாது.

சில ஆண்டுகளில் காற்று கூடிவிடுகிறது. 1997 அப்படிப்பட்ட ஆண்டு. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்துக்கு மீறிக் குளிர்ந்தது, மேற்குப் பகுதி சூடேறியது. இந்தோனேசியாவில் மழை பொய்த்துக் காடுகள் எரிந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம். தமிழ்நாட்டில் அவ்வருடம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. கடலின் இந்த ஏற்றத்தாழ்வை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று பெயரிட்டு 1999இல் விளக்கியவர்கள் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டா ஆகியோர். நால்வரில் மூவர் நம் நாட்டவர். கடலின் நிறத்தைப் படிக்கும் சீவிஃப்ஸ் என்ற கருவியைச் சுமந்த செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனதும் 1997 ஆகஸ்டில்தான். அது அனுப்பிய முதல் மாதங்களின் படங்களிலேயே, வழக்கமாக நீலமாக இருக்கும் கிழக்கு இந்தியப் பெருங்கடலில் பச்சையம் விரிந்து கிடந்தது தெரிந்தது. பாலி நீரிணையில் இப்படிப்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னால் லெமுரு பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2006இலும் அதுவே நடந்தது. 2010இல் நிலைமை தலைகீழ். கடல் குளிரவில்லை. அடுத்த ஆண்டு முஞ்சாரில் லெமுருப் பிடிப்பு படுவீழ்ச்சி அடைந்து, டப்பா ஆலைகள் வேறு நாட்டு மீனை வரவழைத்து வேலை செய்யும் நிலைக்கு வந்தன.

ஆனால் குளிர் கூடக்கூட நல்லது என்றும் சொல்லிவிடமுடியாது. அதே 1997இல் சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளின் பவளப்பாறைகள் ஏறக்குறைய முழுவதுமாகச் செத்தன. மேலெழுந்த வளமான நீரோடு, எரிந்த காடுகளின் புகையிலிருந்து விழுந்த இரும்புச்சத்தும் சேர்ந்து, சிவப்புப் பாசி கட்டுக்கடங்காமல் பெருகி, அழுகி, நீரின் பிராணவாயுவைத் தின்றுவிட்டது என்று பின்னால் நடந்த ஆய்வொன்று சொன்னது. நம் கரையிலும் இதன் சிறு வடிவம் உண்டு. மேலே வரும் அடிவெள்ளத்தில் எரு அதிகம், மூச்சு குறைவு. 1950களின் இறுதியில் கொச்சியில் ஆய்வு செய்த கார்ல் பான்சே, அந்த நீர் வரும்போது தரையோர மீன்கள் இடம்விட்டு ஓடிவிடுவதைப் பதிவு செய்தார்.

பவளமும் பாசியும் இப்படி ஒன்றுக்கொன்று ஆகாதவை. பவளப்பாறை பட்டினிக்கடலின் சிக்கனக் குடும்பம். இருக்கும் கொஞ்சத்தையும் கைமாற்றிக் கைமாற்றி, ஆயிரம் உயிர்வகைகள் ஒருவர் மிச்சத்தில் ஒருவர் வாழும் இடம். ஆழ்நீர் எழும் இடமோ ஒரே மீன் கோடிக்கணக்கில் மண்டும் இடம். வகை அங்கே, அளவு இங்கே. பாலித் தீவின் அதிசயம், இரண்டும் அதன் இரு தோள்களிலும் இருப்பது. மேற்குத் தோளில் லெமுரு. கிழக்குத் தோளில், லொம்போக் நீரிணையின் ஓரம், நூசா பெனிடா தீவு. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இந்தோனேசியத் தீவுகளின் ஊடாக வடியும் மாபெரும் நீரோட்டத்தின் ஒரு கிளை இந்த லொம்போக் நீரிணை வழியாக ஓடுகிறது. 1856இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடந்தபோது பறவைகளே மாறிப்போனதைப் பார்த்துத் திகைத்ததும் இங்கேதான். நூசா பெனிடாவைச் சுற்றிய பாறைகளில் ஏறத்தாழ 300 வகைப் பவளங்களும் 570க்கு மேற்பட்ட மீன் வகைகளும் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாறைகளின் மேலும் ஜூலை முதல் அக்டோபர் வரை தணுத்த வெள்ளம் வந்து மோதுகிறது. ஆனால் நீரோட்டம் அதைத் தேங்கவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வெள்ளத்தோடு ஆழத்திலிருந்து மோலா வருகிறது. வாலே இல்லாத, வண்டிச்சக்கரம்போல் தட்டையான, ஆளைவிடப் பெரிய மீன். பாறையோரம் வந்து அசையாமல் நிற்கும். பாறையின் சிறுமீன்கள் சூழ்ந்து அதன் தோலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். குளிர்ந்த கடலின் பெரும்பிராணி வெதுவெதுப்பான கடலின் சின்ன மீன்களிடம் வந்து சுத்தம் செய்துகொண்டு போகிறது. கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் சாகும் இந்தக் காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை வரும் இந்தத் தணுப்பு அப்பாறைகளுக்கு ஒரு நிழல்போல உதவக்கூடும் என்று கடலியலாளர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் மெய்ப்படவேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன்.

*

மேற்குத் தோளுக்குத் திரும்பவேண்டும். 1970களின் தொடக்கத்தில் சுருக்குமடி முஞ்சாருக்கு வந்தது. கூட்டத்தையே வளைத்து அடிக்கயிற்றை இறுக்கினால் ஒரு மீன்கூடத் தப்பாத வலை. இத்தனை வலை கூடாது என்று கிழக்கு ஜாவாவும் பாலியும் சேர்ந்து வரம்பு வைத்தன. 1992இல் வைத்த வரம்பு 273. ஜாவாப் பக்கம் 190, பாலிப் பக்கம் 83. காற்று கூடிய வருடங்களில் அந்த எண்ணிக்கை சிறியதாகத் தெரிந்திருக்கும். காற்று குறைந்த வருடங்களில் மிகப் பெரியதாக. கடலின் விளைச்சல் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. படகின் கடனும் ஆலையின் பசியும் மாறுவதில்லை.

பிடித்த லெமுருவில் ஒரு பங்கு டப்பாவுக்குப் போகிறது. ஒரு பங்கை உப்புநீரில் வேகவைத்துப் பிண்டாங் செய்கிறார்கள். மூங்கில் தட்டுகளில் அடுக்கிய அந்த மீனை ஜாவாவின் உள்நாட்டுச் சந்தைகளிலெல்லாம் பார்க்கலாம். ஏழைகள் தின்னும் நல்ல மீன். ஆனால் இன்னொரு பங்கு மாவாகிறது, எண்ணெயாகிறது. இறால் பண்ணைக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. மீன்மாவு ஆலைகளின் கழிவால் முஞ்சாரின் கரையோர நீர் கறுத்து நாறுவது பல ஆண்டுக்காலப் புகார். நானும் அந்த நாற்றத்தில் நடந்தேன். எனக்குக் கோபம் வந்தது. இருட்டிலிருந்து அத்தனை பொறுமையாக ஏறிவந்த எருவை, அத்தனை நுண்ணிய சீப்பால் வடித்து எடுத்த சத்தை, பிடித்த அன்றே அரைத்து மூட்டையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அரைப்பதற்குச் செம்பெனித்தே போதும். வளரும்வரை காத்திருக்க ஆலைக்குக் காரணமில்லை.

நம் கரை ஒன்றும் மேலில்லை. கேரளத்தில் 2012இல் மத்திப் பிடிப்பு நான்கு லட்சம் டன்னை நெருங்கியது. 2021இல் 3,500 டன்கூட இல்லை. கடல் மாறியதும் காரணம், அதற்கு முன் குஞ்சுகளை வாரியதும் காரணம் என்கிறார்கள் துறையினர். தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000ஆம் ஆண்டு தடை வந்தது. அதைப் பற்றிய சண்டை இன்னும் கடற்கரை ஊர்களில் ஓயவில்லை. இரண்டு பக்கத்திலும் எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். வலை வாங்கிய கடனை அடைக்கவேண்டியவனிடம் காத்திரு என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? ஆனாலும் பாட்டி காலத்தில் ஆடிமாதம் யாரையும் கேட்காமல் எல்லோரையும் காத்திருக்க வைத்தது. கட்டுமரத்தால் போகமுடியாத அலை இருந்தது. இன்று எந்திரப்படகு போகும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறதே, அது அந்த அலையின் இடத்தில் அரசு எழுதிவைத்த அலை.

முஞ்சாரில் நான்காம் நாள் நிலா தாமதமாக எழுந்தது. அந்தியில் ஜோடிப்படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. விடிகாலையில் கரைக்குப் போனேன். பெடிடிங் குளிர், எல்லோரும் தலையில் சாரத்தைச் சுற்றியிருந்தார்கள். கூடைகளை இருவர் இருவராக மூங்கில் கழியில் தோள்மாற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரும்பாலும் செம்பெனித். வெள்ளிக்காசைக் கொட்டியதுபோலக் கிடந்தது. ஓரமாகக் குந்தியிருந்த பெண்ணொருத்தி, வீட்டுக்கு எடுத்துப் போகவோ என்னவோ, ஒரு கை மீனைப் பிரித்து வைத்துக் கட்டைவிரல் நகத்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பாட்டியும் சாளையை அப்படித்தான் கிழிப்பாள், கத்தி தேடமாட்டாள். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். குடலோடு சேர்ந்து கொஞ்சம் பச்சைக் குழம்பு வந்தது. அரைத்த கொத்தமல்லி போல. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவள் தன் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். வாளியில் மொண்டு வைத்திருந்த கடல்நீரில் கையை முக்கினாள். நீர் தணுத்திருக்க வேண்டும். சட்டென்று எடுத்து உதறிக்கொண்டு, அடுத்த மீனை எடுத்தாள்.